பத்து சதுர அடிக்கு 650 ரூபாய்: வீட்டு வரியின் உள்கணக்கு

சென்னையில் ஒரே அடுக்குமாடி, ஒரே தளம், எதிரெதிர் வாசல். ஒரு வீடு 1,200 சதுர அடி. எதிர்வீடு 1,210. அந்தப் பத்து சதுர அடியில் ஒரு வாஷிங் மெஷினும் செருப்பு ஸ்டாண்டும் வைக்கலாம், அவ்வளவுதான். 2022-க்கு முன்பு இந்த இரண்டு வீடுகளுக்கும் அரையாண்டு சொத்து வரியில் இருந்திருக்கக்கூடிய வித்தியாசம் சுமார் 20 ரூபாய். 2022-க்குப் பிறகு சுமார் 650 ரூபாய். வீடும் தெருவும் மாறவில்லை. அரசாணையில் 1,200-க்கும் 1,201-க்கும் நடுவே ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் 75 சதவீத உயர்வு, அந்தப் பக்கம் 100 சதவீதம்.

மின்கட்டண பில் வந்தால் யூனிட் எத்தனை என்று பார்க்கிறோம். மளிகைக் கடைச் சீட்டில் துவரம்பருப்பின் விலையைச் சரிபார்க்கிறோம். வீட்டு வரியை மட்டும் கேள்வி கேட்காமல் கட்டிவிடுகிறோம். கட்டிய பிறகு திட்டுகிறோம். அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டால் வரி வசூலிக்க வருபவருக்கே பல சமயம் சொல்லத் தெரியாது. "சிஸ்டத்துல அப்படித்தான் சார் வருது" என்பார். சிஸ்டத்துக்குள் இருப்பது சில பெருக்கல்களும் ஒரு பழைய விகிதப் பட்டியலும்தான். அதைப் பிரித்துப் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொத்து வரி அதிகம் என்று புலம்புவதற்காக இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. குப்பை அள்ளவும் தெருவிளக்கு எரியவும் மழைநீர் வடிகால் தூர்வாரவும் ஓர் ஊருக்குச் சொந்தமாகக் கிடைக்கும் வருமானத்தில் முதன்மையானது இதுதான். அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 49-வது இனம் நிலம், கட்டடங்கள் மீதான வரி. மாநிலம் அந்த உரிமையை உள்ளாட்சிகளின் கையில் கொடுத்திருக்கிறது. கோளாறு வரியின் உயரத்தில் இல்லை. அது நிற்கும் அடித்தளத்தில் இருக்கிறது.

பில்லுக்குள் இருக்கும் பெருக்கல்

சென்னையை எடுத்துக்கொள்வோம். 1998 சீராய்வு முதல் இந்த நகரத்தின் பில்களுக்கு அடிப்படையாக இருந்துவரும் சூத்திரம் இது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை வாடகை விகிதம் உண்டு. குடியிருப்புகளுக்கு அது 60 காசிலிருந்து 2 ரூபாய் 40 காசு வரை. வணிகக் கட்டடங்களுக்கு 4 ரூபாயிலிருந்து 12 ரூபாய் வரை. உங்கள் வீட்டின் கட்டடப் பரப்பை, அதாவது பிளிந்த் ஏரியாவை, அந்த விகிதத்தால் பெருக்கினால் வருவது மாத வாடகை மதிப்பு.

ஆயிரம் சதுர அடி வீடு, தெரு விகிதம் 1.50 ரூபாய் என்றால் மாத வாடகை மதிப்பு 1,500 ரூபாய். இன்று சென்னையில் 1,500 ரூபாய் வாடகைக்கு ஆயிரம் சதுர அடி வீடு எங்காவது கிடைத்தால் சொல்லுங்கள், கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு நானும் வருகிறேன்.

அடுத்து, மாத மதிப்பை ஆண்டு மதிப்பாக்க வேண்டும். 12-ஆல்தானே பெருக்க வேண்டும்? இல்லை, 10.92-ஆல். வாடகையில் பத்தில் ஒரு பங்கு மனைக்கு, மீதி ஒன்பது பங்கு கட்டடத்துக்கு என்று பிரிக்கிறார்கள். கட்டடப் பங்கில் மட்டும் பழுதுபார்ப்புக்காகப் பத்து சதவீதத்தைக் கழிக்கிறார்கள். மனைக்கு வெள்ளையடிக்க வேண்டியதில்லையே! 1.20-ஐயும் 9.72-ஐயும் கூட்டினால் 10.92. நம் ஆயிரம் சதுர அடி வீட்டின் ஆண்டு மதிப்பு 16,380 ரூபாய்.

இந்த ஆண்டு மதிப்பில் 12.4 சதவீதம்தான் அரையாண்டு வரி. நம் வீட்டுக்கு 2,031 ரூபாய். கட்டடத்தின் வயதுக்கும், உரிமையாளரே குடியிருப்பதற்கும் கிடைக்கும் கழிவுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் தொகை குறையும்.

12.4-க்குள்ளும் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். பொது வரி 9 சதவீதம். கல்வி வரி 2.5 சதவீதம். மீதி 0.9 சதவீதம் நூலக வரி. பொது வரியில் பத்தில் ஒரு பங்கு. நூலக வரி சாதாரண சங்கதியல்ல. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம், 1948-ல். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் வாதாடி வாதாடிப் பெற்ற சட்டம் அது. வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ தெருமுனை நூலகத்துக்குப் பணம் தருகிறார். உள்ளே போய் நாளிதழ் படித்து வசூலித்துக்கொள்வது அவரவர் சாமர்த்தியம். கல்வி வரியின் வேர் 1920-ன் தொடக்கக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. அதே ஆண்டில்தான் மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராய செட்டியார் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போடத் தொடங்கினார்.

ஆண்டுக்கு இரண்டு தவணை என்பதால் 12.4 இரண்டு தடவை, அதாவது 24.8 சதவீதம். வாடகையில் கால் பங்கு வரியா என்று கேட்டால் உலகத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அந்த வாடகையே கற்பனை. விகிதம் மலை மாதிரி, அடிப்படை மடு மாதிரி. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு இத்தனை காலம் ஓடியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. இந்த வரி ஏழைக்குக் குறைவாக, வசதியானவருக்குக் கூடுதலாக இருக்கட்டும் என்று படிநிலைகளோடுதான் அமைக்கப்பட்டது. ஆண்டு மதிப்பு 500 ரூபாய் வரை 6.62 சதவீதம், 1,000 வரை 9.92, 5,000 வரை 11.03, அதற்கு மேல் 12.4. ஆண்டு மதிப்பு 5,000 என்றால் மாத மதிப்பு 458 ரூபாய். சதுர அடிக்கு ஒரு ரூபாய் விகிதமுள்ள தெருவில் 460 சதுர அடி ஒண்டுக்குடித்தனமே உச்சப் படியில் ஏறிவிடும். பெசன்ட் நகர் பங்களாவும் அதே படியில்தான் நிற்கிறது. படிகள் காகிதத்தில் இருக்கின்றன; ஊர் முழுக்க மாடியில் ஏறிவிட்டது.

வாடகை ஏன் கற்பனையாகிப் போனது

ஆண்டு வாடகை மதிப்பு வெள்ளைக்காரன் விட்டுப்போன முறை. ஒரு வீட்டை நியாயமாக வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்குமோ அதன் மீது வரி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. சட்டப்படி ஒரு வீட்டுக்கு நியாய வாடகை இவ்வளவு என்று இருக்கும்போது அதற்கு மேல் கிடைக்கும் என்று உள்ளாட்சி எப்படிக் கணக்கிடலாம்? தில்லியின் திவான் தவுலத் ராய் கபூர் வழக்கில் 1979-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கும் வாடகைக்கு மேல் ஆண்டு மதிப்பு போகக் கூடாது, வாடகை நிர்ணயம் செய்யப்பட்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்றது தீர்ப்பு. நாடு முழுவதும் நகராட்சிகளின் கை அன்றைக்குக் கட்டப்பட்டது.

மற்ற ஊர்கள் ஒவ்வொன்றாக இந்த முறையை விட்டு வெளியேறின. தில்லி 2004-லும் பெங்களூரு 2008-லும் வாடகையை விட்டுவிட்டுப் பரப்பளவுக்கு அலகு மதிப்பு என்ற முறைக்குப் போயின. மும்பை 2010 முதல் சொத்தின் மூலதன மதிப்பின் மீது வரி போடுகிறது. அங்கும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை செயற்கைக்கோள் படங்களை வைத்து பெங்களூரையும் ஜெய்ப்பூரையும் ஆராய்ந்து, கிடைக்கக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதத்துக்கு மேல் அந்த நகரங்கள் வசூலிக்கவில்லை என்றது. வீடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன, கணக்கில் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் 1960-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பழைய தடையின் காரணம் விலகியது. விகிதப் பட்டியலோ 1998-லேயே நின்றுவிட்டது.

இருபது ஆண்டு தூக்கம், ஒரு நாள் விழிப்பு

சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நடக்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை. எந்த ஆட்சியும் தன் கையால் செய்ய விரும்பவில்லை. உள்ளாட்சித் தேர்தலில் 'வரியை உயர்த்தியவர்' என்ற பட்டத்தோடு யார்தான் நிற்பார்கள்?

2018 ஜூலையில் அ.தி.மு.க. அரசு விழித்துக்கொண்டது. உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம், வாடகை வீட்டுக்கும் வணிகக் கட்டடத்துக்கும் 100 சதவீதம் என்று உயர்த்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் வாடகை வீட்டுக்கும் 50 சதவீதமாக இறக்கியது. தி.மு.க. தெருவில் இறங்கிப் போராடியது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வாசலில் நின்றபோது, உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டிய பணம் பின்வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளப்படும் என்றார்கள். ஒழுங்காகக் கட்டியவருக்குக் கணக்குக் குழப்பம். கட்டாமல் பொறுத்திருந்தவருக்கு நிம்மதி. ஒரு வரி நிர்வாகம் கற்பிக்கக் கூடாத பாடம் இது.

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் 1-ல் தி.மு.க. அரசு உயர்வை அறிவித்தது. பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150. சென்னையோடு 2011-ல் சேர்ந்த பகுதிகளிலும் அன்றைக்கு இருந்த மற்ற 20 மாநகராட்சிகளிலும் இதே அடுக்குகளுக்கு 25, 50, 75, 100 சதவீதம். இந்த முறை அ.தி.மு.க. போராடியது. வசனம் அதேதான், பேசியவர்கள் இடம் மாறியிருந்தார்கள்.

அரசு சொன்ன காரணம் உண்மையானது. 15-வது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு இணையாக வசூலை உயர்த்தினால்தான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று நிபந்தனை விதித்திருந்தது. அரசு தந்த ஒப்பீடும் கவனிக்கத்தக்கது. 600 சதுர அடி வீட்டுக்குச் சென்னையில் குறைந்தபட்ச வரி 810 ரூபாயிலிருந்து 1,215 ஆகிறது. மும்பையில் 2,157, பெங்களூரில் 3,464, கொல்கத்தாவில் 3,510, புனேயில் 3,924 என்றது. அந்த வரிசையில் நாம் கடைசியில்தான் நிற்கிறோம்.

ஆனாலும் மக்கள் ஏன் கொதித்தார்கள்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1998-லிருந்து 2022 வரை 24 ஆண்டுகள். ஆண்டுக்கு வெறும் 3 சதவீதம் உயர்த்திவந்திருந்தால் 2022-ல் வரி தானாகவே இரு மடங்காகியிருக்கும். 75 சதவீத உயர்வுக்கு ஆண்டுக்கு இரண்டரை சதவீதம்கூடத் தேவைப்பட்டிருக்காது. பால் விலை அதைவிட வேகமாக ஏறியிருக்கிறது. யாருக்கும் வலித்திருக்காத ஒன்றை, 24 ஆண்டு சேர்த்துவைத்து ஒரே நாளில் தலையில் இறக்கினார்கள். அதற்கு இரண்டு கழகங்களும் சமமாகப் பொறுப்பு.

கோணலான அடித்தளம்

என் முக்கியமான வாதம் இனிமேல்தான் வருகிறது. 2022-ல் நடந்தது மறுமதிப்பீடு அல்ல. எந்தத் தெருவின் விகிதமும் இன்றைய வாடகையோடு ஒப்பிட்டுத் திருத்தப்படவில்லை. ஏற்கெனவே கட்டிவந்த வரியின் மேல் ஒரு சதவீதத்தை ஏற்றினார்கள், அவ்வளவே.

பழைய விகிதம் நியாயமானதாக இருந்தால் இதில் குற்றமில்லை. 1998-ல் தியாகராய நகரின் ஏதோ ஒரு சந்துக்கு ஒரு விகிதம், பெருங்குடிக்கு அன்று பேரூராட்சியாக இருந்தபோது ஒரு விகிதம். பின்னால் பெருங்குடி வழியாகப் போகும் பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) அகலமானது, கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன, வாடகை எங்கோ போனது. 2011-ல் 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும், ஆக 42 உள்ளாட்சிகள், சென்னையோடு இணைந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆகப் பெருத்தது. ஒவ்வொரு ஊரும் தன் பழைய வரிக் கணக்கைச் சீதனமாகக் கொண்டுவந்தது. ஒரே மாநகராட்சி, ஒரே குப்பை வண்டி, ஒரே மேயர். வரிக்கு மட்டும் பல ஊர்.

இதில் சதவீத உயர்வு என்ன செய்யும்? இன்றைக்கு ஒரே வாடகை போகும், ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விகிதத்தின் புண்ணியத்தில் ஒருவர் 400 ரூபாய் கட்டுகிறார், மற்றவர் 1,200. வித்தியாசம் 800. இருவருக்கும் 75 சதவீதம் ஏற்றினால் 700, 2,100. வித்தியாசம் 1,400. அநியாயத்துக்கும் அதே சதவீத வளர்ச்சி. இணைந்த பகுதிகளுக்குக் குறைந்த சதவீதம் வைத்ததால் அந்த இடைவெளி இன்னும் விரிந்திருக்கிறது. அங்கே சாலையும் பாதாளச் சாக்கடையும் ஒழுங்காக வராத இடங்கள் உண்டு, அவர்களுக்குக் குறைத்ததில் தப்பில்லை. ஆனால் அதே மண்டலத்தில் முப்பது மாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கும் அதே சலுகை போய்ச் சேருகிறது.

பரப்பளவு அடுக்குகளும் இப்படித்தான். பெரிய வீட்டுக்காரர் கூடுதலாகக் கட்டட்டும் என்ற எண்ணம் சரி. வருமான வரியில் அடுக்கைத் தாண்டும் தொகைக்கு மட்டுமே கூடுதல் விகிதம். இங்கேயோ கோட்டைத் தாண்டினால் முழு வீட்டுக்கும் கூடுதல். முதலில் பார்த்த எதிரெதிர் வீடுகளில், 1.50 ரூபாய் தெரு விகிதத்தில், 1,200 சதுர அடிக்காரர் 4,265 ரூபாய் கட்ட, 1,210 சதுர அடிக்காரர் 4,915 கட்டுவது இதனால்தான்.

2023 ஏப்ரல் 13 முதல் 1919-ன் சென்னை மாநகராட்சிச் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்கள் போய், 1998-ல் இயற்றிக் கிடப்பில் கிடந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் புதிய விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்த்தும் வழியும் வந்தது. 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆண்டுக்கு 6 சதவீதம் தொடர்ந்தால் 12 ஆண்டில் வரி இரு மடங்கு. ஆண்டு உயர்வை நான் ஆதரிக்கிறேன். 24 ஆண்டுத் தூக்கத்தைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அது தெரு விகிதத்தைத் திருத்திய பிறகு வர வேண்டியது. சுவர் கோணலாக இருக்கும்போது மேலே மாடி கட்டக் கூடாது.

உங்கள் தெருவின் விகிதத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்

பீரோவில் கிடக்கும் 2022-க்கு முந்தைய வரி ரசீதை எடுங்கள். அரையாண்டு வரியை 1.354-ஆல் வகுங்கள், 10.92-ஐயும் 12.4 சதவீதத்தையும் பெருக்கினால் வரும் எண் அது. விடையை வீட்டின் கட்டடப் பரப்பால் வகுங்கள். பழைய ரசீது இல்லையென்றால் இப்போதைய வரியிலிருந்து பின்னோக்கி வரலாம்: முதலில் 2024 முதல் ஏறிய ஆண்டு உயர்வை வகுத்து நீக்கி (ஒரே ஒரு 6 சதவீத உயர்வு என்றால் 1.06-ஆல்), பிறகு உங்கள் அடுக்குக்கு ஏற்ப 1.5, 1.75, 2 அல்லது 2.5-ஆல் வகுத்தால் 2022-க்கு முந்தைய தொகை கிடைக்கும். இணைந்த பகுதி என்றால் 1.25, 1.5, 1.75, 2. கடைசியில் கிடைப்பதுதான் சதுர அடிக்கு உங்களுக்குப் போடப்பட்ட விகிதம். கழிவுகள் கிடைத்திருந்தால் அது தெரு விகிதத்தைவிடச் சற்றுக் குறைவாகத் தெரியும். எதிர்வீட்டுக்காரரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சில வீடுகளில் சிரிப்பு வரும், சில வீடுகளில் ஆத்திரம் வரும்.

ஆத்திரம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பரப்பளவு. அடுக்குமாடி வாங்கியவர்கள் பில்டர் கொடுத்த சூப்பர் பில்ட்-அப் கணக்கையே விண்ணப்பத்தில் எழுதியிருப்பார்கள். லிஃப்ட்டுக்கும் மாடிப்படிக்கும் நீங்கள் கொடுத்த பங்கு வரிக்கணக்கில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அடுக்கு எல்லையில் நிற்கும் வீடுகளுக்கு இது ஆயிரக்கணக்கில் பேசும். அடுத்தது பயன்பாடு. வாடகைக்கு விட்டிருந்த வீட்டில் நீங்களே குடியேறிய பிறகும், முன்னறையில் இருந்த தையல் கடையைக் காலி செய்த பிறகும் பில்லில் பழைய வகையே ஓடிக்கொண்டிருக்கலாம். இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. மொட்டைமாடியில் அறை கட்டிவிட்டுச் சொல்லாமல் இருப்பவர்கள், ட்ரோன் வைத்து அளக்கும் காலத்தில் வெகுநாள் மறைந்திருக்க முடியாது. மாட்டினால் நிலுவையும் சேர்ந்து வரும்.

மதிப்பீட்டில் ஆட்சேபம் இருந்தால் நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் ஆணையருக்கு எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு. வாய்மொழிச் சண்டைக்கு மதிப்பில்லை. ஒரு புகழ்பெற்ற உதாரணம்: 2020-ல் கொரோனா ஊரடங்கில் நடிகர் ரஜினிகாந்தின் ராகவேந்திரா திருமண மண்டபம் பூட்டிக் கிடந்தது. அரையாண்டுக்கு 6.50 லட்சம் ரூபாய் வரி கேட்டு வந்தது. காலியாகக் கிடந்த கட்டடத்துக்கு அரைப் பங்கு வரி தள்ளுபடி கேட்க அன்றைய மாநகராட்சிச் சட்டம் இடம் கொடுத்தது. ரஜினிகாந்த் மாநகராட்சிக்குக் கடிதம் அனுப்பிவிட்டுப் பதில் வருவதற்குள் உயர் நீதிமன்றம் போனார். அக்டோபர் மாத விசாரணையில், அபராதத்தோடு தள்ளுபடி செய்ய நேரும் என்று நீதிபதி எச்சரித்ததும் வழக்கைத் திரும்பப் பெற்று வரியைக் கட்டினார். சலுகை கேட்டதில் தவறில்லை, வரிசை தாண்டியதுதான் தவறு. சூப்பர் ஸ்டாருக்கே அதுதான் நடைமுறை.

எல்லோரும் கட்டுகிறார்களா என்ற கேள்வியும் எழும். வழிபாட்டுத் தலங்களுக்கு விலக்கு உண்டு. மத்திய அரசின் சொத்துகளுக்கு அரசியலமைப்பின் 285-வது பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் அதே தெருவிளக்கும் அதே சாக்கடையும் அவர்களுக்கும் வேண்டும் அல்லவா? 2009-ல் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி செய்தது. உள்ளாட்சியின் சேவையை எவ்வளவு பயன்படுத்துகிறார்களோ அதற்கேற்ப, சொத்து வரியில் 75, 50 அல்லது 33.33 சதவீதத்தைச் சேவைக் கட்டணமாகக் கட்ட வேண்டும்.

வீட்டு வரி பற்றி நிலவும் பெரிய மூடநம்பிக்கை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வரி ரசீது என் பெயரில் இருக்கிறது, ஆகவே வீடு என்னுடையது என்பது. வரிப்பதிவு சொத்துரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. உரிமைக்குப் பத்திரம்தான். அதற்காகப் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. தாத்தா பெயரிலேயே ரசீது ஓடிக்கொண்டிருந்தால் மின் இணைப்பில் பெயர் மாற்றும்போதும், வங்கிக் கடனுக்குப் போகும்போதும் அலைய நேரும்.

சென்னைவாசிகள் மறந்துவிடும் இன்னொரு பில், குடிநீர் வாரியத்தின் வரி. குடிநீருக்கு 1.5, கழிவுநீருக்கு 5.5 என்று அதே ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். நம் 16,380 ரூபாய் வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,147 ரூபாய். மாநகராட்சியின் மதிப்பீடு தவறாக இருந்தால் இந்தப் பில்லும் தவறும். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், அந்த நிதியாண்டுக்குள் தாங்களே கட்டிய உள்ளாட்சி வரியை வருமான வரிக் கணக்கில் வாடகையிலிருந்து கழிக்கலாம். பாக்கி வைத்திருந்தால் கழிக்க முடியாது.

1688-ல் சென்னை மாநகராட்சி உருவானபோது, நகர மண்டபமும் சிறையும் பள்ளிக்கூடமும் கட்டுவதற்கு ஊர்க்காரர்களிடம் வரி வசூலிக்க அதற்கு அதிகாரம் தரப்பட்டது. ஊர்க்காரர்கள் கொடுக்க மறுத்தார்கள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. என்ன விகிதத்தில், எதற்காக வாங்குகிறோம் என்று காட்டாமல் கேட்கும் வரியைச் சந்தோஷமாகக் கொடுக்க யாரால் முடியும்? மாநகராட்சி செய்ய வேண்டியது ஒன்றுதான். 200 வார்டுகளிலும் தெருவாரியாக விகிதத்தை இன்றைய வாடகையோடு ஒப்பிட்டுத் திருத்தி, அந்தப் பட்டியலை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். ஆண்டு உயர்வு அதற்குப் பிறகு வரட்டும்.

2022 நவம்பர் முதல் நகரங்களில் பகுதி சபைகள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது குப்பைத் தொட்டியோடும் தெருவிளக்கோடும் இதையும் கேளுங்கள்: எங்கள் தெருவின் அடிப்படை விகிதம் என்ன, அது எந்த ஆண்டு போடப்பட்டது? கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதுவரை வரியைக் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் அந்த அரையாண்டு வரியில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி.